காலை எட்டு மணி

குற்றவுணர்வு என்ற சொல் எனக்குப் புத்தகங்கள் வழியாகத்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. உறுத்தல் என்பார்கள். கதிரடிக்கும் நாளில் சட்டைக்குள் புகுந்துகொள்ளும் சுணை மாதிரி. எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது. குளித்தாலும் போகாது. இந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல என்று எனக்குப் படுகிறது. குற்றவுணர்வைப் பற்றி ஒருவன் பேசலாம், பேசிப் பேசி அதில் ஒரு தேர்ச்சிகூட வந்துவிடும். உறுத்தலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, சொறிந்துகொள்ளத்தான் முடியும்.

நான் நன்னிலத்துக்காரன். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை பார்க்கிறேன். இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம். மிராசுதார் ஒருவரின் பழைய வீடு. பிள்ளைகள் வெளிநாடு போனபின் கைமாறி, கூடத்தில் எட்டுக் கட்டிலும் ரேழியை ஒட்டிய அறையில் நாலு கட்டிலும் போட்டுவிட்டார்கள். நடுவில் முற்றம். மழைக்காலத்தில் தாழ்வாரம்வரை சாரல் அடிக்கும், சிவப்புத் தரை வழுக்கும். பகலில் ஒரு நர்ஸம்மாவும் இரண்டு பெண்களும் இருப்பார்கள். இரவில் நான் மட்டும். பன்னிரண்டு பேர். இரண்டு பேரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். டயபர் மாற்றவேண்டும். யாராவது ஒருவர் விடியும்வரை செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இந்த வேலைக்கு நடுவில்தான் நான் கவிதை படிப்பது. கவிதை படிக்கிறவன் பிணியாளரைப் பரிவோடு பார்த்துக்கொள்வான் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் இரவு வேலை பார்த்ததில்லை.

அவர் எண்பது வயதுக்காரர். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போட்ட தடத்தில், பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று மாறி மாறி வேலை பார்த்திருக்கிறார். இப்போது அகலப்பாதை வந்து பழைய ஸ்டேஷன்களின் முகமே மாறிவிட்டது. அவருக்குள் மட்டும் மீட்டர்கேஜ் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி விழித்தால் கேட்பது ஒரே கேள்விதான். "தம்பி, கடைசி வண்டி போய்ட்டா?" போய்விட்டது என்று சொன்னால் தூங்கிவிடுவார்.

டோக்கன் பெட்டியைப் பற்றி எனக்குச் சொன்னவர் அவர்தான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு பெட்டி, நடுவில் கம்பித் தொடர்பு. உள்ளே எஃகு உருண்டைகள். எதிர் ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்தால் ஒரு உருண்டை வெளியே வரும். அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் வண்டி கிளம்பாது. அந்த உருண்டை ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை, தலைகீழாக நின்றாலும் இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது. "மனுஷன் மறந்துபோவான், தூங்கிப்போவான், பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வருவான். வெள்ளைக்காரனுக்கு அது தெரியும் தம்பி. அதான் பெட்டி வச்சான்." இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பாதி கேட்டதுண்டு.

அந்த ஐப்பசி மாதத்து நாளில் பகல் வேலைப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் நடுவிலேயே போய்விட்டாள். நான் இரவு ஏழு மணிக்கு ஏட்டைத் திறந்து பார்த்தபோது பெரியவர் பெயருக்கு நேரே, காலை எட்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. நீர் பிரிவதற்கான லாசிக்ஸ் மாத்திரை. அவர் காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. கொடுக்காமல் விடுவதைவிடக் கொடுப்பது மேல் என்று நினைத்தேன். இப்படி நினைத்தது உண்மை. காலிக் கட்டம் கண்ணை உறுத்தியதும் உண்மை. எது முன்னால், எது பின்னால் என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நர்ஸம்மாவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். "இந்நேரத்துக்கு ஏன் தம்பி இது?" என்று அவரே கேட்டார். "போட்டுக்கிடுங்கய்யா, நல்லது" என்றேன். போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கட்டத்தில், காலை எட்டு மணிக்குக் கொடுத்ததாக என் கையெழுத்தில் ஒரு டிக் அடித்தேன். அந்தப் பெண் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக. அந்த நேரத்தில் அது ஒரு நல்ல காரியமாகவே தோன்றிற்று.

அந்த மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், ஆறு மணி நேரம் விடாது. காலையில் கொடுக்கச் சொல்வதே, கிழவர்கள் ராத்திரியில் எழுந்து நடக்கக் கூடாது என்பதற்காகத்தான். பதினொன்றரை மணிக்கு நான் ரேழி அறையில் ஒருவரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி" என்று குரல் வந்தது. "இதோ வந்துட்டேன்யா" என்றேன். "சரி" என்றார். மறுபடி ஒரு சத்தம் கேட்டபோது அது குரல் இல்லை.

தாழ்வாரத்தில் சாரல் ஈரத்தில் கிடந்தார். இடது கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்தாலே தெரியும், தொடை எலும்பின் கழுத்து. வேட்டி நனைந்திருந்தது. அதற்குத்தான் அவர் வெட்கப்பட்டார், வலிக்கு அல்ல. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

எல்லோரும் கட்டிலின் பக்கக் கம்பியைப் பற்றியே பேசினார்கள். அவர் கட்டிலுக்குக் கம்பி உண்டு. "என்ன மாடு மாதிரி அடைக்காதப்பா" என்று அவர் மறுத்ததால் ஏற்றுவதில்லை. நிர்வாகி கேட்டார், சொன்னேன். மகன் பூனாவிலிருந்து வந்தார். அவரும் கேட்டார், சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா பிடிவாதம் எனக்குத் தெரியும் சார். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பக்கக் கம்பி ஏற்றியிருந்தால் விழமாட்டார் என்பதற்கு உத்தரவாதமில்லை, அதன்மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுகிறவர்கள் உண்டு என்று பிற்பாடு படித்தேன். ஆக, நான் செய்யாத தவறுக்கு எனக்கு முழு மன்னிப்பு கிடைத்தது. செய்ததை ஒருவரும் கேட்கவில்லை. மன்னிப்பு கிடைத்தவனுக்கு அதற்குப்பின் வாய் திறக்க இடமில்லாமல் போய்விடுகிறது. இது எனக்கு முன்பு தெரியாது.

இதைப் பற்றி வெளியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். படிக்கிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க டாக்டர் 2000இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில், தவறு செய்த டாக்டரை 'இரண்டாம் பலி' என்று சொன்னார். முதல் பலி நோயாளி. அந்தச் சொல் உலகெங்கும் பரவிவிட்டது. எனக்கு அது முதலில் இதமாக இருந்தது, இதமாக இருந்ததாலேயே சந்தேகமும் வந்தது. 2019இல் அதே சஞ்சிகையில், சிகிச்சைத் தவறுகளில் உறவினரை இழந்தவர்கள் அந்தச் சொல்லைக் கைவிடும்படி எழுதினார்கள். பலி என்று சொன்னதும் செய்தவன் மறைந்துபோகிறான் என்பது அவர்கள் கட்சி. என் ஓட்டு அவர்களுக்கு. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து நர்ஸ் ரடோண்டா வாட் 2017 டிசம்பரில் மருந்து மாற்றிக் கொடுத்து, 75 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். 2022இல் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள். அந்த வழக்கைப் பற்றி நர்ஸுகள் கோபமாக எழுதியதெல்லாம் நியாயமே; தண்டனைக்குப் பயந்தால் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். ஆனால் என்னை அதில் நிறுத்திவைத்தது வேறு. தான் செய்ததை உடனேயே அவர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றை நான் செய்யவில்லை.

அமெரிக்காவரை போவானேன். பக்கத்தில் திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. மனுநீதிச் சோழன் கதையை எங்கள் ஜில்லாவில் குழந்தைக்கும் சொல்வார்கள். அந்தக் கதை முழுக்க அப்பனின் நீதியைப் பற்றியது. நான் யோசித்துப் பார்த்தது பிள்ளையை. வீதிவிடங்கன் வேண்டுமென்று கன்றைக் கொல்லவில்லை. துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டுக்கொண்டது, விபத்து. பசு மணியை அடித்தது, ராஜா கணக்கைத் தீர்த்தார், கடைசியில் ஈசுவரன் தோன்ற, கன்று எழுந்தது, பிள்ளையும் எழுந்தான். சேக்கிழாரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கன்று எழுந்துவிடுகிற கதையில் உறுத்தலுக்கு வேலையே இல்லை. நடந்தது நடக்காததாகிவிடுகிறது. எங்கள் தாழ்வாரத்தில் யாரும் எழவில்லை.

எனக்கு உதவியது, சொல்லப்போனால், எங்கள் தாலுக்காவிலேயே இருக்கும் ஸ்ரீவாஞ்சியம். அங்கே எமனுக்குத் தனிச் சன்னதி. முதலில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குப்த கங்கையில் முழுக்குப் போட, கார்த்திகை ஞாயிறுகளில் கூட்டம் நெரியும். ஊரில் சாவு விழுந்தால்கூட நடை சாத்துவதில்லை என்பார்கள். எமன் அங்கே வந்த காரணம்தான் விசேஷம். உயிரை எடுத்து எடுத்து, எல்லோரும் தன்னைக் கண்டு அஞ்சுவதையும் வெறுப்பதையும் பொறுக்கமாட்டாமல், அந்தப் பாவ பாரத்தோடு வந்து தவம் கிடந்தான். சிறு வயதில் கேட்டபோது எமனே அழுகிறானா என்று சிரித்தேன். இப்போது அந்தக் கதையில் கொடுக்கப்பட்ட வரத்தைக் கவனித்தேன். உன்மேல் குற்றமில்லை என்று சுவாமி சொல்லவில்லை. எடுத்த உயிர்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வேலையிலிருந்தும் விடுதலையில்லை, இன்றுவரை அதே வேலைதான். அவனைத் தன் வாகனமாக ஆக்கிக்கொண்டார், அவ்வளவே. உற்சவத்தில் சுவாமி அவன்மேல் ஏறி வருகிறார். பாரத்தோடு வந்தவனுக்கு இன்னொரு பாரம். நான் பக்தன் இல்லை, இதை பக்தியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையைக் கட்டியவன் யாரோ, அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

முழுக்குப் போட்டுவிட்டு வந்தும் எட்டு மாதம் சும்மா இருந்தேன். அதற்கு எனக்கு ஒரு கௌரவமான காரணம் இருந்தது. நான் சொன்னால் காலையில் கொடுக்க மறந்தவள் மாட்டிக்கொள்வாள். அவளுக்காகத்தான் மௌனம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் வேலை முடித்துச் செருப்பு மாட்டும்போது, ரேழியில் நிறுத்திச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்ணே. மறுநாள் அட்டைய எண்ணிப் பாத்தேன். ஒண்ணு குறையுது. ஏட்டுல ஒங்க கையெழுத்து. நீங்க எனக்காவ மாட்டிக்கிடுவீங்களேன்னு வாயத் தொறக்கல" என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு, எட்டு மாதமாக அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். "எம் பேரையும் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பூனாவுக்குப் போன் செய்தேன். மாத்திரை, நேரம், ஏடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் தழுதழுக்கக் கூடாது என்று எச்சரிக்கையாக இருந்தேன். தழுதழுத்தால் அவர் என்னைத் தேற்றவேண்டியிருக்கும். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா கூப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டார். 'இதோ வந்துட்டேன்'னு சொன்னேன். 'சரி'ன்னார்."

"அது அவருக்குக் கேட்டுதா?"

"கேட்டதாலதான் 'சரி'ன்னார்."

"அப்புறம் ஏன் எந்திரிச்சார்?"

அடக்கமுடியவில்லை என்பதைத் தவிர அதற்குப் பதில் இல்லை. மாத்திரையின் வேலையே அது. அவருக்கும் புரிந்தது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதன்பின் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

நிர்வாகியிடமும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, பழைய ஏட்டில் கை வைக்காதே என்றார். ஏட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அது எதையும் ஏற்றுக்கொள்ளும். அந்த டோக்கன் பெட்டி ஏற்காது. அன்று ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அந்த ஐப்பசிப் பக்கத்தைத் திறந்தேன். டிக்கை அடிக்கவில்லை. அதன் கீழே, இரவு ஏழரை மணிக்கு நான் கொடுத்தேன் என்று எழுதி, எழுதுகிற நாளின் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். நிர்வாகி அந்தப் பக்கத்தை வைத்திருக்கிறாரா, கிழித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. ரேழி அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.