சாலை யாருக்குச் சொந்தம்?

வீட்டை விட்டுப் பயணம் புறப்படுவோரைக் கண்டிருக்கிறோம். வீட்டையே உடன் அழைத்துக்கொண்டு புறப்படுவோரை, சென்ற கோடை விடுமுறையில்தான் கண்டோம்!

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் அக்காளும் அத்தானும் வாழ்கின்றனர். அக்காள் அங்கு குடியேறிய புதிதில், அடுத்த வீட்டிலிருந்து அன்பு காட்டிய கறுப்பின இணையர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இப்போது அவர்கள் அலபாமா மாநிலத்தில், தம் பிறந்த ஊராகிய செல்மாவுக்கே திரும்பிவிட்டனர். இருநூறு மைலுக்குச் சற்று மேல். அவர்களைக் காணவே அந்தப் பயணம்.

அத்தான் வாடகைக்கு ஒரு வண்டி கொண்டுவந்தார். 'ஆர்.வி.' என்கிறார்கள், வீட்டு வண்டி என்றால் பொருந்தும். உள்ளே அடுப்பு உண்டு, கட்டில் உண்டு, குளிர்பெட்டி உண்டு, கழிப்பறையும் உண்டு. ஆயினும் அக்காள் புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டாள்.

"அடுப்பே உடன் வருகிறது, கட்டுச்சோறு எதற்கு?" என்றார் அத்தான்.

"அடுப்பு வண்டியோடு வரட்டும், கட்டுச்சோறு நம்மோடு வரட்டும்" என்றாள் அக்காள். சிரித்தோம். அன்று மாலை அந்தக் கட்டுச்சோறே நம் சிரிப்பை நிறுத்தப் போகிறது என்பதை அறியோம்!

காலையில் புறப்பட்டோம். சாட்டஹூச்சி ஆற்றைக் கடந்து அலபாமாவில் நுழைந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார் அத்தான். அம்மாநிலத்து நேரம் அப்படி. கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கிச் சென்றது. அந்த மண்ணின் வரலாறோ நம்மைப் பல்லாண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

நண்பகலில் மாண்ட்காமரி நகரம். 1955 டிசம்பர் 1ஆம் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் தையற்கலைஞர், பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானது இவ்வூரில்தான். அதன்பின் 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். நடந்தனர், கால் வலிக்க நடந்தனர், கருத்து வலிமையோடு நடந்தனர். சட்டம் பணிந்தது!

மாண்ட்காமரியிலிருந்து செல்மாவுக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலை. இருபுறமும் பசும்புல், மேயும் மாடுகள், அமைதி. லௌண்டஸ் மாவட்டத்தில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கே ஒரு நினைவகம் இருக்கிறது. அம்மாவட்டத்தில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்களே. இருந்தும், 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை! பெயர் பதிவு செய்யத் துணிந்த குத்தகை உழவர்களை நிலக்கிழார்கள் குடிசையை விட்டே துரத்தினர். துரத்தப்பட்டவர்கள் அந்தச் சாலையோரத்தில் கூடாரம் அடித்தனர். கூடாரங்களை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன. அவர்களோ கலையவில்லை, இரண்டாண்டுகளுக்கு மேலாக அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! நாம் பொழுதுபோக்குக்காகச் சாலையில் உறங்கப் புறப்பட்டவர்கள். அவர்கள் வாக்குச் சீட்டுக்காகச் சாலையில் உறங்கியவர்கள்.

மாலையில் அலபாமா ஆற்றின் மீதுள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தோம். 1965 மார்ச் 7ஆம் நாள், வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்த ஏறத்தாழ 600 பேர், இந்தப் பாலத்தருகே தடியடிக்கும் கண்ணீர்ப் புகைக்கும் ஆளாயினர். அதே ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. பாலமோ இன்றும் கூ கிளக்ஸ் கிளான் தலைவராயிருந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

நண்பர்கள் வாயிலில் காத்திருந்தனர். வீட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்த அம்மையார், அக்காளின் சோற்றுப் பொட்டலத்தைக் கண்டதும் அதைக் கையில் எடுத்தார்.

"என் அம்மாவும் இப்படித்தான் கட்டுவார். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் பொரித்த கோழியும் ரொட்டியும். சிறுமியாக நான் அதைத் திருவிழா என்று எண்ணினேன். வழியில் எந்த உணவு விடுதியும் எங்களை உள்ளே விடாது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா காரிலேயே போர்வை வைத்திருப்பார், தண்ணீர் வைத்திருப்பார், மாற்றுப் பெட்ரோல் வைத்திருப்பார். அதுவும் வீட்டு வண்டிதான். நீங்கள் விரும்பி எடுத்து வந்தீர்கள். அவர் வேறு வழியின்றி எடுத்துச் சென்றார்."

ஹார்லெமில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினப் பயணிகள் அவமானமின்றி எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று ஊர் ஊராகக் குறித்து 1936இல் ஒரு வழிகாட்டி நூல் தொடங்கினார். அதன் ஒரு படி அந்த வீட்டு அலமாரியில் இருந்தது. பொது விடுதிகளில் நிறவேற்றுமையைத் தடை செய்த 1964ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின், அந்நூல் தேவையற்றதாகி மறைந்தது. மறைந்தால் மகிழத்தக்க நூலும் உலகில் உண்டு!

உணவுக்குப் பின் அம்மையாரின் கணவர் கேட்டார்: "1959இல் மார்ட்டின் லூதர் கிங் உங்கள் நாட்டுக்கு வந்தார். கேரளத்துப் பள்ளியொன்றில் அவரை அமெரிக்கத் தீண்டப்படாதார் என்று அறிமுகம் செய்தார்களாம். முதலில் திடுக்கிட்டாலும், அது உண்மையே என்று உணர்ந்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். ஆசிரியரே, அந்தத் தீண்டாமை உங்கள் ஊரில் இப்போது எப்படி?"

சட்டத்தைச் சொன்னோம். 1950 முதல் நடைமுறையிலுள்ள அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்றோம்.

"சட்டத்தைக் கேட்கவில்லை. உங்கள் ஊரைக் கேட்டேன்" என்றார்.

வாய் அடைத்தது. நாம் பணியாற்றும் ஊரில், ஊருக்குப் புறத்தே வாழும் நம் மாணவர்கள் மேலத்தெரு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி, தலை தாழ்த்தி உருட்டிச் செல்கிறார்கள். தெரு முடிந்ததும் ஏறிக்கொள்கிறார்கள். அதை இரண்டாண்டுகள் கண்டோம், கண்டும் கேட்கவில்லை. வேலை பெரிது, வம்பு எதற்கு என்று வாளாவிருந்தோம். வகுப்பறையில் சமத்துவம் பேசினோம். வாசலைத் தாண்டியதும் அதை மறந்தோம்! இவற்றை மறைக்காமல் சொன்னோம். அவர் பழிக்கவில்லை. "பள்ளி எப்போது திறக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியில் படுத்தோம். மெத்தை மென்மையானதுதான். உறக்கம்தான் வரவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் மாலை, அந்த மாணவர்களோடு நாமும் சைக்கிளில் புறப்பட்டோம். மேலத்தெரு முனையில் வழக்கம்போல் இறங்கப்போன சிறுவனிடம், "மிதி, தம்பி" என்றோம். மிதித்தான், மற்றவர்களும் மிதித்தனர், எவரும் இறங்கவில்லை.

திண்ணையிலிருந்து ஒருவர் எழுந்தார். "என்ன வாத்தியாரே, புதுப் பழக்கமா?"

"பழைய உரிமை, ஐயா" என்றோம்.

குரல் சற்று நடுங்கத்தான் செய்தது. மறுநாளும் சென்றோம். நாளையும் செல்வோம்.