இரு கைக்கும் ஒரு வில்

மே மாதக் கடைசி ஞாயிறன்று இத்தாலியின் குப்பியோ நகரத்துப் பெரிய சதுக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது. உம்பிரியா மலைச்சரிவைத் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஒரு பக்கம் 14ஆம் நூற்றாண்டு கன்சோலி மாளிகை, இன்னொரு பக்கம் கீழே விரியும் சமவெளி, நடுவே குறுக்குவில் போட்டி. எதிரணி டஸ்கனியின் சான்செபோல்க்ரோ, ஓவியர் பியரோ தெல்லா பிரான்செஸ்காவின் ஊர். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று அங்கே மறுபோட்டி. இலக்கு 36 மீட்டர் தள்ளி இருக்கும். போட்டி வில்லைக் கையில் ஏந்தி எய்வதில்லை. மரத் தாங்கியின் மேல் கிடத்தி, பின்னால் உட்கார்ந்து குறி பார்க்கிறார்கள்.

திருவிழா முடிந்து போனால்தான் கைவினைஞர்களுக்குப் பேச நேரம் இருக்கும் என்பதால் ஜூன் மாதத்தில் அங்கே போனேன். மாளிகைக்குப் பின்புறச் சந்தொன்றில், கல் வளைவுக்குள் ஒரு பட்டறை. போட்டி வில்களைப் பழுது பார்ப்பதோடு, கையில் ஏந்தும் சிறிய குறுக்குவில்களையும் பழைய முறையில் செய்கிறார்கள். அப்போது அவர்களிடம் ஒரு விசித்திரமான ஆர்டர் இருந்தது. வெளியூர்ச் சங்கம் ஒன்று புதிதாகப் பழக வருபவர்களுக்குப் பொதுவில் வைக்க ஒரு வில் கேட்டிருந்தது. வலக்கைக்காரரும் இடக்கைக்காரரும் ஒரே வில்லை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். நாண் ஏற்றுவது இருவருக்கும் சமமாக எளிதாக இருக்க வேண்டும்.

எனக்கு மொழிபெயர்க்க வந்தவள் பெரூஜாவில் படிக்கும் மாணவி. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு பலெர்மோவில் பிறந்தவள். எழுதுவது, வெட்டுவது, எறிவது எல்லாம் இடக்கை. "சோறு மட்டும் வலக்கையால அண்ணா, அது அம்மான்ர சட்டம்" என்றாள். அவள் மொழிபெயர்ப்பதற்காகத்தான் வந்தாள். ஆனால் கதவுத் தாழ்ப்பாளை அவள் எந்தக் கையால் நீக்கினாள் என்பதைப் பட்டறை மூத்தவர் கவனித்துவிட்டார். அன்று முழுக்க அவள்தான் அவருக்குச் சோதனை ஆள்.

மேசைமேல் முடியாத வில் ஒன்று கிடந்தது. வால்நட் மரத்தண்டு, அதன் முனையில் குறுக்காக எஃகு வில். நாணைப் பிடித்து நிறுத்துவது தண்டுக்குள் சுழலும் ஓர் உருளை. பழைய காலத்தில் மான்கொம்பில் கடைந்தார்கள். இவர்கள் வெண்கலத்தில் வார்க்கிறார்கள். உருளையின் மேல்பக்கம் இரண்டு பற்கள் நாணைக் கவ்வும், பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அம்பின் வால் உட்காரும். தண்டுக்குக் கீழே நீண்டு தொங்கும் விசையை விரல்கள் மேலே அழுத்தினால், உருளை விடுபட்டுச் சுழன்று நாணை விட்டுவிடும்.

இதில் இடம் வலம் எங்கே இருக்கிறது? பல துப்பாக்கிகளில் காலித் தோட்டா ஒரு பக்கமாகத் தெறிக்கும். சிலவற்றில் அது இடக்கைக்காரர் முகத்துக்கு நேராக வரும். குறுக்குவில்லில் வெளியே தெறிக்க எதுவும் இல்லை. அம்பை மேலிருந்து பள்ளத்தில் வைக்கிறோம். வில், நாண், உருளை, விசை எல்லாம் ஒரே நடுக்கோட்டில் இருக்கின்றன. பிறவியிலேயே இரு கைக்கும் பொதுவான ஆயுதம் இது. அதை ஒரு பக்கம் சாய்த்தவை, நாண் ஏற்றவும் குறி பார்க்கவும் பின்னால் வந்து சேர்ந்த துணைச் சாமான்கள்தான்.

அந்தச் சாமான்களின் வரிசையே பட்டறைச் சுவரில் தொங்கியது. முதலில் அரைக்கச்சைக் கொக்கி. வில்லின் முனையில் உள்ள அங்கவடியில் காலை நுழைத்து, குனிந்து, இடுப்பு நடுவில் தொங்கும் இரட்டைக் கொக்கியில் நாணை மாட்டி நிமிர வேண்டும். கைக்கு வேலையே இல்லை. இழுப்பது தொடையும் முதுகும். மூத்தவரின் மருமகன், மரவேலை செய்பவர், ஒரே மூச்சில் செய்து காட்டினார்.

அடுத்து ஆட்டுக்கால் நெம்புகோல். தண்டின் இருபுறமும் துருத்தி நிற்கும் முளைகளில் அதன் கவைக்கால்கள் சாயும்; முன்னால் உள்ள கொக்கிகள் நாணைப் பிடிக்கும்; நடுவில் உள்ள கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்தால் நாண் வந்து உருளையில் விழும். குதிரைமேல் இருந்தபடியே ஏற்ற உதவிய கருவி இது. ஒரு கை தண்டைப் பிடிக்கும், மறு கை இழுக்கும். எந்தக் கை என்று கருவி கேட்பதில்லை. மாணவி இடக்கையால் இழுத்தாள். நாண் நச்சென்று உட்கார்ந்ததும் மூத்தவர் அம்பு வைக்காமல் விசையைத் தொட விடவில்லை. அதே நெம்புகோலால் நாணைத் தாங்கி, மெல்லத் தளர்த்தி இறக்கினார். அம்பில்லாமல் எய்தால் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பும், எஃகு வெடிக்கும் என்பது பட்டறையின் முதல் விதி.

எஃகு வில்கள் தடித்தபோது நெம்புகோல் போதவில்லை. ரால்ஃப் பெய்ன்-கால்வே 1903இல் குறுக்குவில் பற்றி எழுதிய புத்தகத்தில் 1200 பவுண்டு இழுவிசை கொண்ட பழைய வில் ஒன்றைச் சொல்கிறார். 540 கிலோவுக்கும் மேல். அத்தகைய வில்களுக்காக வந்த கருவிகள் இரண்டு. ஒன்று கப்பியும் கயிறும் கொண்ட சுருளி. அதற்கு இருபுறமும் கைப்பிடி உண்டு. காலை அங்கவடியில் ஊன்றி இரு கைகளாலும் சுற்றுவார்கள். இன்னொன்று பற்சட்டப் பொறி: பெட்டிக்குள் பற்சக்கரம், அதனூடே நகரும் பல்வைத்த இரும்புச் சட்டம், ஒரே ஒரு கைப்பிடி. கச்சிதமானது, வலிமையானது, விலை உயர்ந்தது. நூற்றாண்டுகளாக அதை வலக்கைக்காரர்கள் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தார்கள். மாணவி அதை இடக்கையால் சுற்ற முயன்றபோது முழங்கை தண்டில் இடித்தது. வில்லையே திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் மருமகன் தன் தீர்வைக் காட்டினார். பொறியின் அச்சைத் தண்டுக்குக் குறுக்காக, கிடைமட்டமாக வைத்திருக்கிறார். அச்சு பெட்டியைத் துளைத்து இருபுறமும் வெளியே வருகிறது, இரு முனைகளும் சதுரமாக அராவப்பட்டிருக்கின்றன. கழற்றக்கூடிய கைப்பிடியை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் செருகலாம். பின்னோக்கி நழுவாமல் தடுக்கும் பல்தடை ஒரு திசைக்கு மட்டும்தானே, பக்கம் மாறினால் சுற்றும் திசையும் மாறாதா என்று கேட்டேன். மாறாது. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு வலச்சுற்று இடச்சுற்றாகத் தெரியும். சுற்றுபவரின் உடலுக்கோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்: மேலே போகும்போது கை முன்னே தள்ளும், கீழே வரும்போது தன்னை நோக்கி வரும். பல்தடைக்கு வித்தியாசமே தெரியாது.

அதுவரை இடக்கைக்காரருக்கான சலுகை என்றே இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் நாணில் சிவப்பு நூலால் இரண்டு அடையாளம் கட்டினார், தண்டின் இருபுறமும் சம தூரத்தில். இழுவிசை குறைந்த பழகுவில் ஒன்றை மாணவியிடம் கொடுத்து வெறுங்கைகளால் ஏற்றச் சொன்னார். நாண் உருளையில் உட்கார்ந்தபோது இடப்பக்க அடையாளம் உருளையை விட்டுத் தள்ளியும் வலப்பக்கத்தது உருளையை ஒட்டியும் நின்றன. வலுவான கை தன் பக்கத்துக்குக் கூடுதலாக நாணை வாங்கிக்கொண்டது. அதே வில்லை நான் ஏற்றினேன். சாய்வு எதிர்ப்பக்கம் போனது.

இப்படி ஏறிய நாணில் வில்லின் ஒரு கரம் மற்றதைவிட அதிகம் வளைந்திருக்கும். விடும்போது இரு கரங்களும் ஒரே கணத்தில் நிமிரா. நாண் அம்பைச் சற்றுக் கோணலாக உதைக்கும். 36 மீட்டர் போவதற்குள் அந்தச் சிறு கோணல் குறியை விட்டு நன்றாகவே விலகிவிடும். ஒரே ஆள் எய்தால் அந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம் விழும், அவர் பழகிக்கொள்வார். பொது வில்லில் வலக்கையர் ஏற்றியதும் இடக்கையர் ஏற்றியதும் வேறு வேறு இடத்தில் தைக்கும். பழகுபவர் தன் குறியைச் சந்தேகிப்பார். ஆகவே நடுவில் பிடித்து இழுக்கும் கருவி இடக்கைக்காரருக்குச் செய்யும் தயவு அல்ல. எல்லோருக்கும் குறி தவறாமலிருக்க அதுவே அடிப்படை.

இந்தச் சமநிலைக்குப் பட்டறையில் நடக்கும் உழைப்பு சாதாரணமானது அல்ல. எஃகு வில்லைச் சுவரில் பூட்டி, பின்னால் கோடு கிழித்த பலகையை வைத்து, நாணைப் படிப்படியாக இழுத்துப் பார்க்கிறார்கள். எந்தக் கரம் விறைப்போ அதன் வயிற்றுப் பக்கத்தை இழைத்து மீண்டும் இழுக்கிறார்கள். தேய்க்கும்போது எஃகு சூடாகிவிட்டால் பதம் போய்விடும் என்பதால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நாண் முறுக்கும் பெண் மூலையில் இரு முளைகளுக்கிடையே இழையை ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்டார். தளர்ந்த இழை பாரத்தைச் சுமக்காது, மற்றவை சீக்கிரம் அறும் என்றார். அவர் விரல் நுனிகள் மெழுகேறி மினுங்கின.

குறி பார்ப்பதில் வேறொரு சிக்கல். புதிதாக வருபவரிடம் எந்தக் கை என்று மூத்தவர் கேட்பதே இல்லை. இரு உள்ளங்கைகளையும் நீட்டி, நடுவில் சிறு துவாரம் விட்டு, அதன் வழியே எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்கச் சொல்கிறார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடினால் ஜன்னல் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். இடக்கைக்காரர்கள் பத்தில் ஒருவர் என்றால் இடக்கண்காரர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நான் வலக்கைக்காரன், ஜன்னல் என் இடக்கண்ணோடு போனது. வலக் கன்னத்துக்கென்று செதுக்கிய தண்டு எனக்கே பொருந்தாது. "உங்களுக்கும் எனக்கும் ஒரே வில்தான் அண்ணா" என்று மாணவி சிரித்தாள்.

அதனால் இந்த ஆர்டரில் தண்டின் கன்னப் பகுதியை இருபுறமும் ஒரே சரிவில் இழைத்திருக்கிறார்கள், குறித்துளை நடுக்கோட்டில். விசையைத் தடுக்கும் பூட்டுக்கும் நிறைய யோசனை போயிருக்கிறது. பக்கவாட்டில் அழுத்தும் பொத்தான் வைத்தால் ஒரு கையின் கட்டைவிரலுக்கு எட்டும், மற்றதற்கு எட்டாது. எனவே தண்டின் முதுகில், இரு கட்டைவிரல்களுக்கும் நடுவில், முன்னே தள்ளும் சிறு நாக்கு. நாண் உருளையில் விழும் கணத்திலேயே நாக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். வில்லைத் தாங்கும் கையின் விரல் நாணின் பாதைக்கு மேலே வராதபடி தண்டின் இரு விளிம்பிலும் ஒரு வரம்பு. விற்பனைக்கு வரும் பல வில்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும் கவனமாகச் செய்யப்பட்டிருக்கும் என்றார் மருமகன்.

எல்லாம் சரி, இரு கைக்கும் பொதுவானது எந்தக் கைக்கும் முழுதாகப் பொருந்தாததாகிவிடாதா? மூத்தவர் மறுக்கவில்லை. போட்டிக்கு எய்பவர் தன் கன்னத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்த வில்லோடுதான் வருவார், வரவும் வேண்டும். இது முதல் வில். ஒருவர் தனக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கும்வரை கையில் இருக்க வேண்டியது. சங்கம் கேட்ட இழுவிசையை அவர் குறைத்துவிட்டார். பற்சட்டப் பொறியைத் தனியாகச் செய்து கொடுப்பார். வில்லோடு போவது ஆட்டுக்கால் நெம்புகோல்தான். இழுவிசை குறைந்தால் நெம்புகோலே போதும், நெம்புகோல் நடுவிலேயே இருப்பதால் கை பற்றிய பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்கிறது என்பது அவர் கணக்கு. வலுக்கூடிய வில்லைக் கேட்டு வருபவர்களிடமும் அவர் முதலில் கேட்பது இதுதானாம்: இலக்கு 36 மீட்டரில் இருக்கிறது, மிச்ச பலத்தை எங்கே அனுப்பப் போகிறாய்?