பதினொரு துண்டுச் சீட்டுகள்

மாசி பிறந்துவிட்டால் நமது கரிசல் சீமையில் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, களங்களில் மிளகாய் சிவக்கச் சிவக்கக் காய்வது. மற்றொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு நுழைவுச் சீட்டையும் பேனாவையும் கையில் பிடித்துக்கொண்டு ஆலய வாசலில் வந்து நிற்பது. மழை பொய்த்த ஆண்டுகளில் முன்னதைக் காண இயலாமற் போனதுண்டு. பின்னது ஓர் ஆண்டும் நின்றதில்லை.

இந்த ஆண்டு வந்தவர்கள் பதினொருவர். அனைவரும் நமது பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். மாலைநேரப் படிப்பகத்துக்கு வருகிற பிற சமயப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாருடைய பேனாவுக்கும் ஒரே தீர்த்தம்தான். திருப்பலி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, "என்னவாக ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதித் தாருங்கள். பெயர் வேண்டாம்" என்றோம். பெயர் எதற்கு? ஈராண்டுகள் அவர்களுடைய குறிப்பேடுகளைத் திருத்திய நமக்கு அந்தக் கையெழுத்துகள் தெரியாதவையா?

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களைவிட மணல் தெரியும் நாள்களே அதிகம். இந்த மாவட்டத்தில் பிறந்து உலகறியப்பட்ட இருவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். 1879-இல் திருச்சுழியில் பிறந்த இரமண மகரிஷி, 1896-இல் மதுரையில் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோதே வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குச் சென்றார். 1903-இல் விருதுநகரில் பிறந்த காமராசர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். முதலமைச்சரான பின்பு ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து, பிள்ளைகளுக்கு மதிய உணவும் அளித்தார். அவர் இட்ட விதை வீண்போகவில்லை. 2023-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது விருதுநகர் மாவட்டம். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். நமக்கு வியப்பில்லை. நன்செய் இல்லாத ஊரில் படிப்புத்தானே நன்செய்!

சீட்டுகளைப் பிரித்தோம். முதலில் வந்தது ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணின் சீட்டு. "ஆடிட்டர்" என்று ஒற்றைச் சொல். இந்தப் பிள்ளை எட்டு வயதிலிருந்து தார் சுற்றுகிறாள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பாடம் படித்துப் பழகியதால், நமது படிப்பகத்தின் அமைதியில் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுமாம்! "ஏம்மா ஆடிட்டர்?" என்று கேட்டோம். "கூலி கொடுக்கிற அன்னைக்கு அப்பா கணக்கு நோட்ட கையில வாங்கிப் பாப்பாரு சாமி. பாத்துட்டு அப்படியே திருப்பிக் குடுத்துருவாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. பாக்குற மாதிரி பாப்பாரு" என்றாள். அதற்குமேல் அவளிடம் நாம் ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதையும், அதில் எவ்வளவு தன் படிப்புக்கு, எவ்வளவு தம்பிக்கு என்பதையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறாள். பாதி ஆடிட்டர் ஆகிவிட்டாள் என்றே கொள்ளலாம்.

அடுத்தவன் திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். பெற்றோர் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பிட்டால் நாள்கணக்கில் அது புகைந்துகொண்டே இருக்கும். எங்கேனும் வெடிப்பு விட்டுக் காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். ஆகவே இரவிலும் ஒருவர் காவலிருந்து மண் பூச வேண்டும். அந்தக் காவல்தான் இவனுடைய படிப்பு நேரம். அவன் புத்தகங்களை முகர்ந்தாலே புகை வாடை வரும். அவன் எழுதியிருந்தது: "வேளாண்மை படிக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும்." கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் அவனுக்கு இதே நினைவு. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் கருவேலை அகற்றிவிட்டு, விட்டுப்போன காடுகளில் மீண்டும் குதிரைவாலி விதைக்க வேண்டுமாம். "கருவேல் போய்விட்டால் உன் அப்பாவுக்குத் தொழில் ஏது தம்பி?" என்று கேட்டு வைத்தோம். சற்று நேரம் தலை குனிந்திருந்தான். "அதான் சாமி நானும் யோசிக்கேன். அந்த மரந்தான என்னயப் படிக்க வச்சது" என்றான். பதினொருவரில் ஊரிலேயே இருக்க விரும்பியவன் இவன் ஒருவனே.

மூன்றாமவன் நமது பீடச் சிறுவர்களில் மூத்தவன். மறையுரையின்போது உறங்குவதில் இணையற்றவன். ஆனால் அவன் ஊர் வழியே போகிற இரயில் வண்டிகளின் நேரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். விருதுநகர் – மானாமதுரைப் பாதை 2013-இல் அகலப் பாதையான பிறகு வந்த வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்து இரயில் ஓட்டுநராக வேண்டும் என்பது அவன் கனவு. சீட்டின் அடியில் ஓர் உறுதிமொழியும் இருந்தது: "வண்டி ஓட்டும்போது தூங்க மாட்டேன்." சிரித்துவிட்டோம்.

இருவர் காவல்துறை என்று எழுதியிருந்தார்கள். ஒருவன், "அம்மா சித்தாள் வேலைக்குப் போகக் கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தான். என்ன வேலை பார்த்து அதைச் சாதிப்பான் என்று குறிப்பிடவில்லை. நால்வருக்குச் சென்னையோ சிங்கப்பூரோ, எங்கேனும் ஒரு வேலை கிடைத்தால் போதும். பதினோராவது சீட்டில் ஆசையே எழுதப்படவில்லை. ஒரு வேண்டுகோள் இருந்தது: "நீட் ஒரு தடவை போனால் இன்னொரு தடவை எழுத ஒரு வருசம் வீட்டில் வைத்துக்கொள்வார்களா என்று எங்கப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் சாமி."

அவள் மல்லிகைத் தோட்டத்துக் கூலி வீட்டுப் பெண். விடியுமுன் தாயோடு மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டு, குளித்து, அரசுப் பள்ளிக்கு ஓடுகிறவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்ததும், விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டதும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் முதல் முறையிலேயே தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. அவள் கேட்டது மருத்துவர் பட்டம் அன்று, ஓராண்டு அவகாசம்.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். காரணம், நமது பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்து நின்றது.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், இதே வயதுப் பையன் ஒருவன் நம்மிடம் வந்தான். வரலாறு படிக்க வேண்டும், அதில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றான். நாமோ, "குடும்ப நிலையைப் பார்த்துப் பேசு தம்பி" என்று அறிவுரை கூறி, ஓர் ஆலையில் வேலைக்கும் ஏற்பாடு செய்துவிட்டோம். நன்மை செய்ததாகவே எண்ணி நிம்மதியாக உறங்கினோம். ஆண்டுகள் பல கழிந்து, தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நம்மைக் காண வந்தான். குறை எதுவும் சொல்லவில்லை. எழும்போது மட்டும், "இவன் பெரியவனாகி உங்கள்ட்ட வந்து எதக் கேட்டாலும் சரின்னு சொல்லிருங்க சாமி" என்றான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பேருடைய குறைகளைக் கேட்ட நமக்கு, அன்று நம்முடைய குறை வெளிப்பட்டது. ஏழைப் பிள்ளையிடம் முதலில் பறிபோவது பணம் அன்று; அவகாசம். தோற்றுப் பார்த்து, மறுபடி எழுந்து நடக்க அவனுக்கு யாரும் நேரம் தருவதில்லை. அன்று நாமும் தரவில்லை.

மறுநாள் மாலையே பூக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் எலியா இறைவாக்கினரின் நினைவு. கர்மேல் மலையில் அவர் மழைக்காக மன்றாடியபோது, கடல் பக்கம் பார்த்துவரப் பணியாளனை அனுப்பினார். ஆறுமுறை போயும் அவன் ஒன்றும் காணவில்லை. ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு மேகம் தெரிந்தது. இரண்டாம் முறையோடு அவனை நிறுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்?

வீட்டில் தந்தை கயிற்றுக் கட்டிலை விரித்துப் போட்டார், அமர்ந்தோம். சுற்றி வளைக்காமல் செய்தியைச் சொன்னோம். அவர் உடனே மறுமொழி கூறவில்லை. தாய்தான் முந்திக்கொண்டு, "பொம்பளப் புள்ளைய வீட்ல வச்சிருந்தா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாகளே சாமி. ரெண்டாவது தடவையும் போச்சுன்னா?" என்றார். நியாயமான கேள்வி. நம்மிடம் விடை இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. மகளோ கதவோரம், உள்ளே போகவும் மாட்டாமல் வெளியே வரவும் மாட்டாமல் நின்றிருந்தாள்.

வெகுநேரங் கழித்துத் தந்தை பேசினார். "ஒரு வருசந்தான சாமி? மழைக்கு நாம எத்தன வருசம் காத்துக் கெடந்திருக்கோம்."

கதவோரத்தில் வளையல் ஒலித்தது. பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள்.

இவ்வரிகளை எழுதும் இவ்வேளையில் பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. முடிவுகள் இன்னும் வரவில்லை. பதினொரு சீட்டுகளும் நமது செபப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு மாலையும் புகழ்மாலையைச் சொல்லி முடித்ததும் அவற்றில் ஒன்றைப் படித்து வேண்டுகிறோம். இவர்களில் பலருக்காக நாம் வேண்டுவது, இவர்கள் இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதையே. வேண்டுதல் பலித்தால் ஆலயத்தின் முன்வரிசை வெறிச்சோடும். பாடற்குழுவில் குரல் குறையும். அப்படியும் வேண்டாமல் இருக்க இயலவில்லை. கரிமூட்டக்காரர் மகனுக்காக மட்டும் வேறுவிதமாக, இருந்து வாழட்டும் என்று வேண்டுகிறோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இந்த வைகாசியில் ஒரு பிள்ளை மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். எண் குறைந்திருக்கலாம். அறிவுரை கூற நாவெழும், அடக்கிக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு வருசம் ஆனாலும் சரி" என்று சொல்லிப் பாருங்கள். நாம் இருபது ஆண்டுகள் பிந்திக் கற்றுக்கொண்ட சொல் அது.