சிகிச்சை இருக்கட்டும்... இன்ஷூரன்ஸ் நம்பர் என்ன? - 1971-லேயே ஆஸ்பத்திரியைக் கலாய்த்த ஹாலிவுட் படம்!

எமர்ஜென்சி வார்டு. ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்கள், வலியில் முனகுபவர்கள், நிற்க நேரமில்லாமல் ஓடும் நர்ஸ்கள். இதற்கு நடுவே, கையில் ஃபாரத்தோடு ஒரு பெண்மணி ஒவ்வொரு நோயாளியாகத் தேடிப் போய் விசாரிக்கிறார். எங்கே வலிக்கிறது என்று அல்ல... இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, நம்பர் என்ன என்று! அவர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்.

ஒரு ஸ்ட்ரெச்சர் அருகே போய் அதே கேள்வியைக் கேட்கிறார். பதில் இல்லை. உற்றுப் பார்த்தால், ஆள் இறந்து கிடக்கிறார். அதுவும் வெளியாள் இல்லை, அதே ஆஸ்பத்திரியின் டாக்டர்!

1971 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'தி ஹாஸ்பிட்டல்' படத்தில் வரும் காட்சி இது. சிரிப்பு வரும். வந்த வேகத்தில் தொண்டையில் நின்றும் விடும். அந்த வார்டில் எல்லா நோயாளிகளின் முகத்தையும் பார்த்த ஒரே ஆள், பில்லுக்காக வந்தவர்தானே!

படத்தின் திரைக்கதையை எழுதியவர் பேடி சயெஃப்ஸ்கி. 'மார்ட்டி', 'நெட்வொர்க்' படங்களுக்காகவும் ஆஸ்கர் வாங்கியவர். இந்தப் படத்துக்கும் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இயக்கியவர் ஆர்தர் ஹில்லர். அதற்கு முந்தைய வருடம்தான் 'லவ் ஸ்டோரி' எடுத்து ஊரையே அழவைத்தவர், இங்கே ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே கேமராவோடு ஓடியிருக்கிறார். செட் போடவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஹாஸ்பிட்டலிலேயே படம் பிடித்தார்கள்.

கதை ஆரம்பிப்பதே ஒரு சாவில்தான். ஒரு முதியவர் தவறான சிகிச்சையால் இறந்துபோகிறார். அதைப் பின்னணிக் குரல் பதற்றமே இல்லாமல் சொல்கிறது. பேசுவது சயெஃப்ஸ்கியேதான். ஒரு படுக்கை எப்படிக் காலியானது என்று விளக்கத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதாம்! அந்தக் காலிப் படுக்கையில் இரவு தூங்கிப்போகும் இளம் டாக்டரை நோயாளி என்று நினைத்து, நர்ஸ் டிரிப்ஸ் ஏற்றிவிடுகிறார். காலையில் அவரும் பிணம்.

அடுத்தடுத்து டாக்டர், நர்ஸ் என்று சாகிறார்கள். கொலைதான். (படம் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

கொலையாளி, சாதாரண செக்கப்புக்காக வந்த டிரம்மண்ட் என்ற நோயாளி. நன்றாக இருந்த மனிதருக்கு ஒரு கிட்னியை எடுத்து, இன்னொன்றைக் கெடுத்து, கோமாவில் தள்ளிய ஆஸ்பத்திரி அது. அவர் பழிவாங்கும் விதம்தான் விசேஷம். டாக்டரை மயக்கி எமர்ஜென்சியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். மீதியை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்கிறது. யாரும் கவனிக்காமலேயே அவர் இறந்துபோகிறார். நர்ஸை மயக்கி, ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளியின் இடத்தில் படுக்க வைக்கிறார். யாரென்று சரிபார்க்காமலே கத்தியை எடுத்துவிடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரியைத் தவிர வேறு ஆயுதமே அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கூட்டத்தில் வெல்பெக் என்ற சர்ஜன் ஒருவர் வருகிறார். நோயாளியைவிட டெலிபோனோடுதான் அதிகம் பேசுவார். தன் பெயரிலேயே கம்பெனி, ஷேர், முதலீடு என்று மும்முரமாக இருப்பவருக்கு, யாருக்கு என்ன ஆபரேஷன் செய்தோம் என்பதே மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. இது முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1965-ல்தான் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு என்று அரசு காப்பீட்டுத் திட்டங்கள் அமெரிக்காவில் வந்தன. நல்ல திட்டங்கள்தான். ஆனால், செய்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாக பில் போடலாம் என்ற ஏற்பாட்டில், கூடுதலாகச் செய்தால் கூடுதல் வருமானம். வெல்பெக்குகள் முளைக்க அது போதாதா?

சரி, எமர்ஜென்சியில் வந்து நிற்பவரிடம் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்டு, இல்லையென்றால் திருப்பி அனுப்புவதற்குச் சட்டம் தடை போட்டது எப்போது? படம் வந்து 15 வருடம் கழித்து, 1986-ல்! மெடிகேர் பணம் வாங்கும் ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி பிரிவு இருந்தால், வருகிறவரைப் பரிசோதித்து, உயிராபத்து இருந்தால் நிலையைச் சீராக்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதற்குப் பிறகு பில் வராமல் இல்லை. அது வேறு கதை.

குறை இல்லாத படமும் அல்ல. டாக்டர் பாக்குக்கும் டிரம்மண்டின் மகள் பார்பராவுக்கும் நடுவே வரும் காதலை இன்று பார்த்தால் நெளியத்தான் வேண்டும். சம்மதம் என்ற ஒன்றைப் பற்றிய கவலையே இல்லாத காட்சி அது. பழங்குடி மாந்திரீகம், தீர்க்கதரிசனம் என்று டிரம்மண்ட் பேசும் இடங்களும் கொஞ்சம் இழுவை.

அதையெல்லாம் மீறிப் பிடித்து நிறுத்துகிறவர், மருத்துவப் பிரிவின் தலைவர் பாக்காக நடித்த ஜார்ஜ் சி. ஸ்காட். 'பேட்டன்' படத்துக்குக் கிடைத்த ஆஸ்கரை அதே 1971-ல்தான் வேண்டாம் என்று மறுத்திருந்தார். ஆனாலும் அகாடமி இந்தப் படத்துக்கு மறுபடி நாமினேட் செய்தது. குடும்பம் உடைந்து, உயிரையே விட்டுவிடலாமா என்ற விளிம்பில் நிற்கும் மனிதர் பாக். பார்பரா அவரைத் தன்னோடு கிளம்பி வரச் சொல்கிறாள். போய்விட்டால் நிம்மதி. கிளம்பியும் விடுகிறார்.

வெளியே, ஆஸ்பத்திரிக்காக வீடுகளைக் காலி செய்ய வைக்கப்பட்ட அக்கம்பக்கத்து மக்களின் போராட்டம். உள்ளே ஒரே குழப்பம். யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏற்க வேண்டாமா என்று பாக் நின்றுவிடுகிறார். பார்பராவை அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி டைரக்டரோடு அந்தக் கூட்டத்தைத் தாண்டி, அதே கட்டடத்துக்குள் திரும்பவும் நடக்கிறார்.