லிங்கி சாலையில் மோரிஸ் மைனர்

பிப்ரவரி பாதியைத் தாண்டிவிட்டால் லிங்கி வட்டாரத்துப் பால்மரக் காடு நிறம் மாறத் தொடங்குகிறது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்பு நிறமாகி, சில வாரங்களுக்குள் மரங்கள் வெறுங்கிளையோடு நிற்கின்றன. நிரைக்கு நிரை காய்ந்த இலை குவிந்து கிடக்கும். ஆண்டு முழுவதும் மழையும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் இந்த மண்ணில் இலையுதிர் காலம் என்று ஒன்று இருக்கிறதென்றால், அது ரப்பர் மரம் அமேசானிலிருந்து கூடவே கொண்டுவந்தது. பக்கத்தில் நிற்கும் செம்பனைக்கு இந்தப் பருவமெல்லாம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் ஒரே பச்சை.

பழைய கார் வைத்திருக்கும் சிலர் இந்த வாரங்களுக்காகவே காத்திருக்கிறார்கள். ஞாயிறு விடியலில் சிரம்பானில் புறப்பட்டு, ரந்தாவ் வழியாக லிங்கி. அங்கிருந்து கூட்டரசு சாலை 5-இல் பெங்காலான் கெம்பாஸ், பிறகு போர்ட்டிக்சன் கடற்கரை. மோரிஸ் மைனர், ஆஸ்டின், வோக்ஸ்வேகன் வண்டு, டாட்சன் 120ஒய் என்று வரிசையாகப் போவார்கள். வேகம் யாருக்கும் வேண்டாம். காலை எட்டு மணிக்குச் சாய்வெயில் வெறுங்கிளைகளுக்கு நடுவே இறங்கி, தாரின் மேல் கம்பி கம்பியாக நிழல் விழும். முன்னே போகும் கார் கிளப்பிவிட்ட சருகு பின்னே வரும் காரின் கண்ணாடியில் வந்து ஒட்டும். இதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

அந்தக் கார்கள் ஓடுவதற்குக் காரணமானவர்களைப் பார்க்கத்தான் நான் லிங்கிக்குப் போயிருந்தேன்.

சாலையோரத்துத் தகரக் கொட்டகை. பலகை இல்லை; தேவையும் இல்லை. பொமென் என்று ஊரே அழைக்கும் மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. தோட்டத்து லோரி ஓட்டியவரின் மகன். எஞ்சின் கொட்டகையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொடங்கி, டிராக்டர், லோரி, ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டிக் கற்றவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயத்து வீட்டையும் விட வேண்டியிருந்தது. அப்போது இந்தக் கொட்டகையைப் போட்டார். கூட வேலை செய்வது அக்கா மகன்.

அன்று அவர்கள் கையில் இருந்தது 1098 சி.சி. எஞ்சின் பூட்டிய மோரிஸ் மைனர். மோரிஸை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948-இல் வெளிவந்து, 1961-க்குள் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அது. மலாயாவில் கிராணிமாரும் ஆசிரியர்களும் டிரெஸர்களும் கடன் வாங்கியாவது வாங்கிய கார். இன்றைய பொமென்கள் பலருக்கு அதன் பானட்டைத் திறந்தால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் பூட்டியிருக்கும். தெரியாமல் மாற்றிப் பூட்டினால் பின்னால் சேர்த்த ரேடியோ முதலில் போகும். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டாங்க் காலி.

எஸ்.யூ. கார்புரேட்டரை டியூன் செய்வதை அருகில் நின்று பார்த்தேன். கம்ப்யூட்டரும் இல்லை, மீட்டரும் இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டார்கள். பிறகு மருமகன் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன ஊசியை விரல் நுனியால் மேலே தள்ளினார். உள்ளே பிஸ்டன் ஒரு மயிரிழை எழும்பியது.

"சத்தத்தைக் கேளு. ஏறுதா, எறங்குதா?"

"ஏறுது மாமா."

"ஏறி அங்கயே நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப பெட்ரோல் கூடுதலா போவுது. நட்ட மேல ஏத்து. முழுசா திருப்பாத. ஆறுமுகத்துல ஒரு முகம், அது போதும்."

அறுகோண நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்கம்தான் அந்த ஒரு முகம். மருமகன் திருப்பினார், மறுபடி ஊசியைத் தள்ளினார். இந்த முறை எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தது. பெட்ரோல் குறைந்துவிட்டது. அரை முகம் கீழே. மூன்றாம் முறை தள்ளியபோது சத்தம் லேசாக எழும்பி உடனே பழைய நிலைக்கு வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பக்குவம் வந்துவிட்டது என்று மருமகனுக்குப் புரிந்தது. புத்தகத்திலும் இந்த முறைதான் எழுதியிருக்கிறது. ஆனால் எந்த அளவு எழும்பினால் சரி என்பதைக் காது பழகித்தான் அறிய வேண்டும். அந்தக் காது உள்ளவர்கள் இந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1896 நவம்பரில் இங்கிலாந்தின் கார்க்காரர்கள் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கூட்டமாக ஓட்டிப்போனார்கள். சாலையில் வேக வரம்பைத் தளர்த்திய சட்டத்தைக் கொண்டாடும் ஓட்டம் அது. இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் முதல் ஞாயிறன்று, 1905-க்கு முன் கட்டிய கார்கள் அதே பாதையில் இலையுதிர் குளிரில் நடுங்கிக்கொண்டு போகின்றன. அதே 1896-இல்தான், லிங்கியிலிருந்து அதிகத் தொலைவில்லாத மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். அடுத்து நடந்தது தற்செயல் அல்ல. காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-இல் ரப்பர் ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. ஈயம் ஏற்றிய படகுகள் போய்வந்த லிங்கி ஆற்றங்கரைக் காடுகள் அழிந்து பால்மரம் ஏறியது. லிங்கி பிளாண்டேஷன்ஸ் என்று இந்த ஊரின் பெயரிலேயே லண்டன் கம்பெனி நடந்தது. 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியில் கப்பல் செலவு கட்டி, கங்காணிகள் சேலம், திருச்சி, தஞ்சைப் பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்தக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

ஆகவே லிங்கிச் சாலையில் பழைய கார் ஓடுவதை வெறும் பொழுதுபோக்காக என்னால் பார்க்க முடியவில்லை. கார் இல்லாவிட்டால் இந்தக் காடே இல்லை. காடு இல்லாவிட்டால் இந்தப் பொமெனின் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்க மாட்டார். மரத்தில் பால் எடுத்தவர்கள் அந்தக் கார்களில் ஏறியதில்லை. பெரியவருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "தொரை காடி வருதுன்னு சத்தத்துலயே தெரியும். அப்பா கழுவுவாரு. கதவத் தொறந்து உக்கார எங்களுக்கு யாரு விட்டா?" இன்று அப்படிப்பட்ட கார் எட்டுக்கு மேல் அவர் கொட்டகையில் முறை வைத்துக் காத்திருக்கிறது.

கொட்டகைக்கு எதிரே டீக்கடை நடத்தும் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். காரிலிருந்து இறங்கியவர்கள் செம்பு நிற மரங்களைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாக்கறதுக்கு அழகுதான் தம்பி. எங்களுக்கு இது பால் வத்துற மாசம். மங்குல பாதிகூட நிக்காது. பெரட்டுல பேர் குடுப்போம், சம்பளத்துல பாதிதான் வரும்." இலை உதிர்ந்து புது இலை முற்றும்வரை மரம் தன் சத்தை இலைக்கே செலவிடுகிறது, பால் குறைந்துவிடும், பல இடங்களில் வெட்டையே நிறுத்துவார்கள். வெண்கல நிறத்தில் துளிர் வரும்போது விடியற்பனி அதிகமிருந்தால் சாம்பல் நோய் பிடிக்கும். துளிரும் மறுபடி கொட்டும். அதற்குக் கந்தகத் தூள் அடிக்க விடியுமுன்னே ஆள் போக வேண்டும். இந்தப் பருவத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

வெயிலும் ஈரமும் சேர்ந்த இந்த ஊரில் அறுபது வயதுக் காரை ஓடவைப்பது இங்கிலாந்தில் ஓடவைப்பதைப் போல அல்ல. எஞ்சின் அறைச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். ஏற்றத்தில் கார் நின்றுவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் போன பிறகு பழைய சிலிண்டர் ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தேய்கிறது. கெட்டியான வளையம் கடைந்து பொருத்த வேண்டும். மோரிஸின் முன்சக்கரத்தைத் தாங்கும் திருகு மூட்டுக்குக் கிரீஸ் அடிக்க மறந்தால் ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி ஒருபக்கம் படுத்துவிடும். பெரியவர் யார் வண்டி கொண்டுவந்தாலும், என்ன வேலைக்கு வந்தாலும், கேட்காமலேயே குனிந்து அந்த நிப்பிளுக்குக் கிரீஸ் அடித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை.

ரோட் டேக்ஸ் பெரிய சுமை இல்லை, 1098 சி.சி. சொந்தக் காடிக்கு ஆண்டுக்கு 55 வெள்ளிதான். சுமை உதிரிப்பாகத்தில். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் கூலிக்கு மேல் கப்பல் செலவு நிற்கும். ஆகவே புஷ், கேஸ்கட், சைலன்சர் எல்லாம் இங்கேயே கடைந்தும் வெட்டியும் ஒட்டியும் செய்கிறார்கள். மருமகனுக்கு நகரத்துச் சர்வீஸ் சென்டரில் இதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும். நண்பர்கள் சிங்கப்பூருக்கே போய்விட்டார்கள். அவர் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அங்க பார்ட்ஸ் மாத்துவாங்க அண்ணே. இங்க செய்யறோம்," என்றார்.

நான் கிளம்பும்போது கொட்டகையின் பின்பக்கம் தச்சர் ஒருவர் வந்திருந்தார். மோரிஸ் டிராவலர் ஒன்று. பின்பாதி உடல் மரச்சட்டத்தில் கட்டியது. இங்கிலாந்தில் அதற்கு ஆஷ் மரம் போடுவார்கள். கறையான் அரித்த இந்தச் சட்டத்துக்கு ரப்பர் மரமே போடலாமே, நாற்காலி மேசையெல்லாம் அதில்தானே செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள் என்பது காரின் சொந்தக்காரர் ஆசை. தச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பர் மரம் வீட்டுக்குள்ளே சரி; மழையில் நனைந்தால் நீலம் பூத்து, வண்டு துளைத்து, இரண்டு வருஷத்தில் போய்விடும் என்றார். சொந்தக்காரர் மருந்தடித்த மரம் கிடைக்கும் என்றார். தச்சர் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே போனது. பேச்சு நீண்டு, கடைசியில் ஞாத்தோ மரம் என்று முடிவானது. முதலில் கதவுச் சட்டம், கூரையோரம் அதற்குப் பிறகு. எல்லாம் அக்டோபர் மழைக்கு முன் முடிய வேண்டும் என்று பெரியவர் நாள் குறித்துக் கொடுத்தார்.