எண்கோணக் கூண்டும் என் மாசக் கணக்கும்

யு.எஃப்.சி. பார்க்க எந்தச் சந்தா எடுக்கலாம் என்று இந்த செமஸ்டரில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக மொத்தமாக எழுதிவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு: எம்.எம்.ஏ. என்பது குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாம் கலந்த சண்டைப் போட்டி. அதை நடத்துகிறவர்களில் பெரிய ஆள் யு.எஃப்.சி. 1993-லிருந்து நடத்துகிறார்கள். அவர்களுடைய எண்கோணக் கூண்டு ரொம்பப் பிரபலம்.

இங்கே அமெரிக்காவில் 2025 வரை இருந்த ஏற்பாடு கொஞ்சம் அநியாயமானது. முதலில் ஈ.எஸ்.பி.என். ப்ளஸ்ஸுக்கு மாதம் 12 டாலர் வாக்கில் சந்தா. அது வெறும் நுழைவுச் சீட்டுதான். பெரிய போட்டி வந்தால் அதற்குத் தனியாக 79.99 டாலர். 2025-ல் அப்படி 13 போட்டிகள். எல்லாவற்றையும் வாங்கியிருந்தால் 1,039.87 டாலர்! அசிஸ்டெண்ட்ஷிப் காசில் காலம் தள்ளுகிற நமக்கு இது ஆகிற காரியமா? எங்கள் வீட்டில் நாலு பேரும் ஆளுக்கு 20 டாலர் போட்டு, வருடத்துக்கு மூன்று போட்டி வாங்குவோம். மற்றதெல்லாம் மறுநாள் ஹைலைட்ஸ்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே போட்டியை மதுரையில் என் மாமா பையன் ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு சோனி லிவ்வில் பார்ப்பான். சாதாரணச் சந்தாவுக்குள்ளேயே வந்துவிடும், தனிக்கட்டணம் கிடையாது. ஒரே சண்டைதான். எந்த ஊரில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விலை. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக விற்பதால் வரும் வினை இது.

2026-ல் கதை மாறிவிட்டது. ஏழு வருடத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு அமெரிக்க உரிமையை பாரமவுண்ட் எடுத்துக்கொண்டது. வருடத்துக்கு 13 பெரிய போட்டிகள், 30 சின்னப் போட்டிகள், எல்லாம் பாரமவுண்ட் ப்ளஸ் சந்தாவிலேயே அடங்கும். தனிக்கட்டணம் ஒழிந்தது. விளம்பரத்தோடு வரும் திட்டம் ஜனவரி 2026 விலைப்படி மாதம் 8.99, வருடத்துக்கு 89.99.

"அப்போ வருடச் சந்தாவே எடுத்துடலாமே?" இங்கேதான் மாணவர்கள் நிதானிக்க வேண்டும். பத்து மாதம் மாதாமாதம் கட்டினால் 89.90. அதாவது வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் பார்க்கமாட்டீர்கள் என்றால் வருடச் சந்தா நஷ்டம். டிசம்பரில் பரீட்சை. கோடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போனால் இந்தச் சந்தா அங்கே உதவாது. ஆக ஒன்பது மாதம், 80.91 டாலர். ஒரே வீட்டில் நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 20. முன்பு ஒரு ராத்திரிக்கு ஆன காசு!

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய சண்டைகள் மேல் பைத்தியம் என்றால் யு.எஃப்.சி. ஃபைட் பாஸ். 2007-ல் அவர்கள் கைக்கு வந்த ஜப்பானின் ப்ரைட் போட்டிகளெல்லாம் அதில் உண்டு. ஆனால் பெரிய போட்டிகளின் முக்கியச் சண்டைகள் இந்த ஊரில் அதில் நேரலையாக வராது. சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப் 2022-ல் இங்கே அமேசான் பிரைமுக்கு வந்தது. முய் தாய் பிடிக்கும் என்றால் அது விருந்து. நம்மில் பலரிடம் பிரைம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்குமுன் அதைத் திறந்து பாருங்கள்.

விலை குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. முன்பு நாம் கட்டிய 79.99-ல் ஒரு சிறு பங்கு, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்த சாம்பியன்களுக்குப் போனது. முதல் சண்டையில் மூக்குடைந்து போகிறவனுக்கு அப்போதும் அதில் ஒன்றுமில்லை. வீரர்கள் 2014-ல் தொடர்ந்த வழக்கில், நிறுவனத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வாக்கில்தான் வீரர்களுக்குப் போகிறது என்று அவர்கள் தரப்பு நிபுணர்கள் வாதிட்டார்கள். கடைசியில் 37.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, 2025-ல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. என்.பி.ஏ. கூடைப்பந்தில் வீரர்களுக்கு ஏறக்குறைய பாதி போகிறது. 770 கோடியில் கூண்டுக்குள் ரத்தம் சிந்துகிறவனுக்கு எவ்வளவு போகும் என்பது நம் சந்தாவில் எழுதியிருக்கவில்லை.

ஆகவே என் சிபாரிசு: பாரமவுண்ட் ப்ளஸ், மாதாமாதம், பரீட்சைக்கு முன்னால் ரத்து. மிச்சமாகும் காசில், ஊரில் எம்.எம்.ஏ. போட்டி நடந்தால் ஒரு டிக்கெட் எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். பெரிய மேடைக்கு வர நினைக்கிற பசங்கள் அங்கேதான் அடிவாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எதில் பார்க்கிறீர்கள்? சொல்லுங்கள் மக்களே.