வெர்க்லா

1998 ஜனவரி 5, திங்கட்கிழமை. மொன்றியலில் மழை தூறத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு அது இரண்டாவது வின்ரர். பனிக்குப் பதிலாக மழை என்றதும் குளிர் விட்டுவிட்டதென்று சந்தோஷப்பட்டேன். கீழ்வீட்டு அம்மா படியில் நின்று வானத்தைப் பார்த்தார். "வெர்க்லா" என்றார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள் எனக்கு அன்று தெரியாது.

மேலே இளஞ்சூடான காற்று, நிலத்தை ஒட்டி உறைகுளிர். தண்ணீராகவே விழும் துளி, எதைத் தொட்டாலும் பனிக்கட்டியாகிவிடும். அதுதான் வெர்க்லா. விடிய யன்னலைத் திறந்தால், உடுப்புக் காயப்போடும் கொடி என் பெருவிரல் மொத்தத்துக்கு இருந்தது. முற்றத்து மேப்பிள் மரத்தின் ஒவ்வொரு சுள்ளியும் கண்ணாடிக் குழாய்க்குள் கிடந்தது. இரவில் கிளைகள் முறிந்த சத்தம் வெடிச்சத்தம் போலவே கேட்டது. மனைவி பிள்ளையை அணைத்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது, வடக்கே ஆறுகளைத் தேக்கி எடுக்கும் மின்சாரம்தான். அந்த வாரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்புக் கோபுரங்கள் பனிப்பாரம் தாங்காமல் மடிந்து விழுந்தன. 30 லட்சம் பேருக்கு மேல் இருளிலும் குளிரிலும் அகப்பட்டார்கள்.

மின்சாரம் இல்லாமல் வாழ எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கோடு வருடக்கணக்காக இருந்தவர்கள் நாங்கள். பல்கனியிலிருந்த கரியடுப்பை உள்ளே கொண்டுவந்து மூட்டப் போனேன். கீழ்வீட்டு அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குளிருக்காக இறுக அடைத்த வீடு அது. எங்கள் ஊர் வீடு போலக் காற்று வந்துபோக வழியில்லை. அப்படி உள்ளே மூட்டிய அடுப்பின் நச்சுவாயு அந்த நாட்களில் சிலரைக் கொன்றது என்று பிறகு அறிந்தேன்.

எங்களைத் தன் விறகடுப்பண்டை கூட்டிப்போனார். பக்கத்து வீட்டு ஹெயிட்டிக் குடும்பமும் அங்கே இருந்தது. மஞ்சள் பட்டாணி சூப் கொதித்தது. கிட்டத்தட்ட எங்கள் பருப்புக் கறிதான். மனைவி கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டாள். அந்த அம்மா கண்ணில் நீர் வர வர இரண்டாம் கோப்பையும் குடித்தார்.

சனிக்கிழமை இரவு கதவு தட்டப்பட்டது. யன்னலால் பச்சை உடுப்பு தெரிந்தது. "ஆமி" என்றாள் மனைவி, காற்றுப் போல. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஊரில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு திரும்பி வராத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்த அம்மா கதவைத் திறந்தார். இருபது வயதுப் பெடியன், தொப்பியில் பனி. விறகு போதுமா, நோயாளிகள் இருக்கிறார்களா, குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்று கேட்டான். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனான். அப்படி 15,000க்கு மேற்பட்ட படையினர் அந்த மாதம் விறகு சுமந்தார்கள், கிளை வெட்டினார்கள், வீடு வீடாகப் போனார்கள். பின்னறையிலிருந்து மனைவி வெளியே வர வெகுநேரமாயிற்று. வந்தவள் அடுப்படியில் இருந்து சத்தமாக அழுதாள்.

இன்றும் வெர்க்லா விழும் இரவுகளில் எங்கள் கட்டடத்தில் தனியாக இருப்பவர்களைப் பார்க்கப் போகிறேன். ஆனால் கதவைத் தட்டுமுன் என் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பேன். உள்ளே இருப்பவர் எந்த நாட்டிலிருந்து வந்தவரோ.